ஔவை இல்லம் பிறந்த கதை

சென்னை அடையாற்றில் பெசன்ட் அவென்யூ என்னும் சாலை வழியே செல்பவர்கள் ‘ஔவை இல்லம்’ என்ற பெயரைக் கண்டிருக்கலாம். உள்ளே ஒரு பள்ளிக்கூடமும், பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் இல்லமும் இருக்கின்றன. போகிறவர் வருகிறவர்களுக்கு அது பத்தோடு பதினொன்றாக ஒரு பெண்கள் பள்ளி, அவ்வளவே. ஆனால், கொடுமைக்கு உள்ளான ஒரு பெண் நம் வாயிலில் வந்து நின்றால் ஊரார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த சிறந்த விடைகளுள் ஒன்று அந்த மதில்களுக்குள் இருக்கிறது. அந்த இல்லம் எவ்வாறு பிறந்தது என்பதை, மாணவ மாணவியரே, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை விளங்க வேண்டுமானால் முதலில் ஒரு பழைய வழக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும். நம் கோயில்களில் ஆடலும் பாடலும் இறைவனுக்குரிய தொண்டாகப் பன்னெடுங்காலமாக நடந்து வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, அவர்களுக்கு வீடும் நெல்லும் வகுத்துக் கொடுத்ததை அக்கோயிற் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஆதலால், இந்தத் தொண்டு தொடக்கம் முதலே இழிவாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. காலம் மாறியது, அரசுகள் வீழ்ந்தன, கோயில்களின் வருவாய் சுருங்கியது. தொண்டு தேய்ந்தது, ஆனால் ‘பொட்டுக்கட்டுதல்’ என்னும் சடங்கு மட்டும் தேயாமல் நின்றது.

பொட்டுக்கட்டுதல் என்பது, ஒரு சிறுமிக்குத் தெய்வத்தின் பெயரால் பொட்டுத் தாலி அணிவிப்பது. பெரும்பாலும் அவள் பூப்பெய்துவதற்கு முன்பே இது நடந்துவிடும். அதன் பின்னர் அவள் எந்த ஆடவனையும் மணந்துகொள்ள முடியாது. செல்வர் ஒருவருடைய ஆதரவில் வாழ்வதே அவளுக்கு விதிக்கப்பட்ட வழி. ஏழு அல்லது எட்டு வயதில், தனக்கு என்ன நடக்கிறது என்றே அறியாத பருவத்தில், வாழ்நாள் முழுவதையும் பற்றிய முடிவைப் பிறர் எடுத்துவிடுகிறார்கள். அடித்தால்தான் வன்முறை என்று நாம் நினைக்கிறோம். மலர்மாலையும் நாதசுவரமும் சூழ நடப்பதும் வன்முறையாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்னும் இரு பிரிவுகள் இருந்தன. வயது வராத பெண்ணைத் தகாத தொழிலுக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று அவை கூறின. தொடக்கத்தில் 16 ஆக இருந்த வயது வரம்பு 1924இல் 18 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் நீதிமன்றத்தில் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டுமே! ‘இது சமயச் சடங்கு’ என்று சொல்லிவிட்டால் வழக்குத் தொடுத்தவர் பாடு திண்டாட்டந்தான். அந்தச் சிறுமியே தன் தாய்க்கும் பாட்டிக்கும் எதிராகச் சாட்சி சொல்ல வருவாளா?

இவை எல்லாவற்றையும் விட வலிய காரணம் ஒன்று மண்ணில் இருந்தது. மண் என்று நான் சொல்வது உண்மையாகவே நிலத்தைத்தான். கோயிலில் ஊழியம் செய்வதற்கு ஈடாக இக்குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். தாய் முதுமையடைந்தால் மகளுக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். மகள் இல்லையென்றால் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தாவது கட்டியாக வேண்டும். அந்தத் தாய் கல்நெஞ்சக்காரி அல்லள். மகளைக் காப்பாற்றினால் சோறு போகும். சோற்றைக் காப்பாற்றினால் மகள் போவாள். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ‘பொட்டுக்கட்டாதீர்கள்’ என்று மேடையில் ஏறி உபதேசம் செய்வதால் பயன் என்ன?

இந்த முடிச்சைக் கண்டுகொண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைமையாசிரியர்; தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆகவே, அம்மையாருக்கு இது பிறர் வீட்டுச் செய்தியன்று. ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் சிலருடைய எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே வாக்குறுதி பெற்றுக்கொண்ட பிறகே அந்தத் திருமணத்துக்கு இசைந்தார். அக்காலத்தில் அப்படிக் கேட்ட மணப்பெண்ணும் அரியவர். கொடுத்த வாக்கைக் காத்த மணமகனும் அரியவர்.

1926இல் அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே, பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். தடைச் சட்டத்துக்கு முன்னதாக, நிலத்தைப் பற்றிய சட்டத்தைக் கையில் எடுத்தார். 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி மானிய நிலம் கோயில் ஊழியத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலத்தின் பயன் அந்தப் பெண்ணுக்கு உண்டு. அதற்காக மகளைக் கோயிலுக்கு அளிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் வயிற்றுக்கு வழி. பிறகு வழக்கத்துக்குத் தடை. மருத்துவர் அல்லவா? நோயின் வேர் எங்கே என்று பார்க்கப் பழகிய கண் அது.

ஆனால் நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு இந்தத் திருத்தம் எதுவும் தரவில்லை. தடைச் சட்டமும் உடனே வரவில்லை. 1930இல் காந்தியடிகள் சிறை செய்யப்பட்டதை எதிர்த்து அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவர் கொண்டுவந்த மசோதா அப்படியே நின்றுபோயிற்று.

அந்தக் காலத்தில்தான், 1930-31இல், அந்த மூன்று சிறுமியர் அம்மையாருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். அந்த வாழ்வு வேண்டாம் என்று வெளியேறி வந்தவர்கள். சட்டசபையிலே தங்களுக்காகப் பேசிய ஓர் அம்மாள் இருக்கிறார் என்ற செய்தி எப்படியோ அவர்களுக்கு எட்டியிருக்க வேண்டும். அம்மையார் அவர்களைப் படிக்க வைக்க எண்ணி மாணவியர் விடுதியில் இடம் கேட்டார். தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஒழுக்கம் கெட்ட வாழ்வு என்று எந்த வாழ்வை ஊர் தூற்றியதோ, அந்த வாழ்வை விட்டு ஓடி வந்த குழந்தைகளைத்தான் ஒழுக்கத்தின் பெயரால் ஊர் உள்ளே விடவில்லை!

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மாணவியர் விடுதி ஒன்றின் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓர் இரவு ஒன்பது மணிக்கு மேல், கையில் ஒரு துணிப்பையுடன் ஒரு பெண் வாயிலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. “இரண்டு நாள் இருக்க இடம் தருவீர்களா, அம்மா?” என்று கேட்டாள். பாதுகாவலருடைய கையொப்பம் இல்லாமல் யாரையும் தங்க வைக்க விதி இல்லை. “நாளைக்கு வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு வா” என்று சொல்லி அனுப்பினேன். அவள் கன்னத்தை வீங்க வைத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஒருவேளை அவரையே கையொப்பமிட அழைத்து வரச் சொன்னேனோ என்ற எண்ணம் அடுத்த நாள்தான் எனக்கு வந்தது. அவள் அடுத்த நாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. 1930இல் இடம் மறுத்த விடுதிக்காரர்களைப் பற்றி நான் கடிந்து பேசும்பொழுதெல்லாம் அந்தத் துணிப்பை என் கண்முன் வந்துவிடுகிறது.

முத்துலட்சுமி அம்மையார் அந்த மூவரையும் திருப்பி அனுப்பவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லத்தின் தொடக்கம். திட்டம் தீட்டிப் பணம் திரட்டிக் கட்டிய நிறுவனம் அன்று அது. விடுதி மறுத்ததால் வீடே விடுதியாயிற்று. பின்னர் அடையாற்றில் இடம் அமைந்தது. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் மட்டுமன்றி, ஆதரவற்ற பெண் குழந்தைகள் யாராயினும் சாதி வேறுபாடின்றி அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். உணவும் உறையுளும் மட்டும் தந்தால் போதும் என்று அம்மையார் நினைக்கவில்லை. எழுத்தறிவும் கைத்தொழிலும் வேண்டும். ஆசிரியைகளாகவும் மருத்துவத் தாதியராகவும் அவர்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. மானிய நிலம் பற்றிச் சட்டசபையில் அவருக்கு இருந்த அதே நினைவு இங்கும் வேலை செய்தது.

இத்தகைய கதவுகளை அவருக்கு முன்னும் சிலர் திறந்திருக்கிறார்கள். 1863இல் புனே நகரில் ஜோதிராவ் புலேயும் அவருடைய மனைவியார் சாவித்திரிபாயும் ஓர் இல்லம் தொடங்கினார்கள். மறுமணம் மறுக்கப்பட்ட இளம் விதவைகள், வீட்டிலுள்ள ஆடவராலேயே கருவுற்று, பழிக்கு அஞ்சிச் சிசுவைக் கொல்லும் கொடுமை அப்பொழுது இருந்தது. அப்பெண்கள் மறைவாக வந்து பிள்ளை பெற்றுச் செல்லலாம். குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அத்தம்பதியர் அறிவித்தார்கள். அவ்வாறு ஒரு விதவைக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தங்கள் மகனாகவே வளர்த்து மருத்துவராக்கினார்கள்.

நம் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இருந்தார். இவரும் 1886ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே மணம் முடித்து, சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்ற அவர், தம்மைப் போன்ற பால்ய விதவைகளுக்காக எழும்பூரில் ஒரு வீட்டில் சில சிறுமியருடன் இல்லம் தொடங்கினார். பிற்காலத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அச்சிறுமியர் தங்கிப் படித்தார்கள். இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் பார்க்கும் கட்டடமே அது.

நகரத்தில் இல்லம் அமைப்பது ஒரு வேலை. கிராமத்துக்குச் சென்று, சடங்கு நடப்பதற்கு முன்பே தடுப்பது வேறொரு வேலை. பின்னதைத் தம் வாழ்வாகக் கொண்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883இல் திருவாரூரில் பிறந்தவர். வறுமையால் குழந்தைப் பருவத்திலேயே மூவலூரில் இருந்த ஒரு தாசியிடம் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் கொடுக்கப்பட்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அவரோ தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டு அந்த வாழ்வை விட்டு வெளியேறினார். அத்தோடு நிற்கவில்லை. தஞ்சை மாவட்டத்து ஊர்களில், தம் குலத்தார் வாழும் தெருக்களுக்கே போய்ப் பெண்களிடம் பேசினார். ‘உங்கள் மகளை விட்டுவிடுங்கள்’ என்று வெளியார் சொன்னால் அது பழிச்சொல்; உள்ளேயிருந்து வந்தவர் சொன்னால் அது அனுபவம். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலையும் எழுதி வெளியிட்டார். பள்ளிப் படிப்பில்லாத ஒரு மூதாட்டி, பேசியது போதாதென்று நாவலும் எழுதினார் என்பதைத் தேர்வுக்குக் கட்டுரை எழுதச் சோம்பும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், தேவதாசிப் பெண்கள் அனைவரும் இந்த முயற்சிகளைக் கைகூப்பி வரவேற்றார்கள் என்று தோன்றும். அப்படியன்று. சட்டத்தை எதிர்த்து அவர்களுள் பலர் சங்கம் கூட்டினார்கள்; அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர்களுள் முன்னின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதிக் கோயிலைத் தம் பொருளால் எழுப்பிய அதே அம்மையார்தாம். கலையையும் பத்தியையும் தொழிலாகக் கொண்ட எங்களை ஏன் விலைமாதரோடு ஒன்றாக வைத்து எண்ணுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. மற்றொன்றும் இருந்தது. அந்நாளில் மற்றக் குடும்பப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமை இவர்களுக்கு இருந்தது. தாயின் சொத்து மகளுக்குச் சென்றது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கவும் முடிந்தது. மணவாழ்வு என்னும் மதிப்பைக் கொடுத்து இந்த உரிமைகளை எடுத்துக்கொள்வதா என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்த அச்சம் வெறும் பிடிவாதமன்று என்றே நான் கருதுகிறேன். 1932-33இல் சதிராட்டத்தைப் பற்றி முத்துலட்சுமி அம்மையாருக்கும் ஈ. கிருஷ்ணய்யருக்கும் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. ஆட்டமே கூடாது என்பார் அம்மையார். கலையைக் காக்க வேண்டும் என்பார் கிருஷ்ணய்யர். முடிவில் கலை பிழைத்தது. பரதநாட்டியம் என்ற பெயரோடு வேறு வீடுகளுக்குக் குடிபோயிற்று. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த பெண்களில் பலருக்கோ மேடையும் போயிற்று, மானியமும் போயிற்று. இது அம்மையாருடைய தொண்டின் பெருமையைக் குறைக்காது. ஆனாலும் பிறரைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள், காப்பாற்றப்படுகிறவர்களை உட்கார வைத்து ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கும் பொறுமையும் உடையவர்களாக இருந்திருந்தால், அந்தச் சட்டம் இன்னும் நல்ல சட்டமாக இருந்திருக்கும். சிறுமியைப் பற்றிய வரையில் மட்டும் எனக்கு ஐயமில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு எந்தச் சொத்துரிமையும் அந்தச் சடங்குக்கு ஈடாகாது.

1947இல் சென்னை மாகாணத் தேவதாசிகள் தடைச் சட்டம் நிறைவேறியது. சட்டசபைத் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள் சென்றுவிட்டன. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு விதி சேர்ந்தது. அந்த இருபது ஆண்டுகளில் வெளியேறி வந்த பெண்களுக்குச் சட்டம் துணையாக இல்லை. திறந்திருந்த சில வீடுகளே துணையாயிருந்தன. அம்மையார் பின்னர் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1968இல் மறைந்தார். புற்றுநோய் மருத்துவமனையின் கதை தனியே ஒரு பேச்சுக்கு உரியது.

விடுதியில் இடம் மறுக்கப்பட்ட அந்த மூன்று சிறுமியருக்குச் சட்டம் தர வேண்டிய விடையை நம் நாடு தருவதற்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தைச் சட்டம் பயிலும் மாணவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அதன் 17ஆம் பிரிவு, கணவனோடு கூடி வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது. 6ஆம் பிரிவு அதைவிடச் சிறியது. இரண்டு மூன்று வரிதான். பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டாலும், அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ தொண்டு அமைப்போ கேட்டாலும், புகலிடத்தின் பொறுப்பாளர் அவளுக்கு இடம் அளிக்க வேண்டும். முன்கூட்டியே முறைப்படி அறிக்கை பதிவு செய்யவில்லை என்று காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. அவள் விரும்பினால், அவள் அங்கே இருக்கும் செய்தியை வெளியே சொல்லவும் கூடாது. இன்று தமிழ்நாட்டில் 181 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் அந்த இடத்துக்கு வழி காட்டுவார்கள். அந்த எண்ணை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். துணிப்பையோடு வந்த பெண்ணுக்கு அது உதவவில்லை.

மூவலூர் அம்மையார் 1962இல் காலமானார். 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. ‘புதுமைப் பெண்’ திட்டம் என்று சொன்னால் உங்களிற் பலருக்கு உடனே விளங்கும். அதன் முழுப் பெயரில் இருக்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இவர்தாம். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் கொடுக்கப்பட்ட அதே குழந்தை.